1941க்குப் போன அணு உலை

2007 ஜூலை முதல் வாரத்தில் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே, நடுக்கடலில் ஒரு கப்பல் நங்கூரமிட்டு நின்றது. துறைமுகத்துக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரிய உருவம். நீளம் 333 மீட்டர், எடை ஏறக்குறைய ஒரு லட்சம் டன், உள்ளே 2 அணு உலைகள். அமெரிக்கக் கடற்படையின் யூஎஸ்எஸ் நிமிட்ஸ். அணுசக்திக் கப்பலை எப்படி அனுமதிக்கலாம் என்று கட்சிகள் போராட்டம் நடத்தின. நாலைந்து நாளில் கப்பல் போய்விட்டது, பேச்சும் அடங்கிவிட்டது. அதே கப்பல் 27 வருடம் முன்பு ஒரு சினிமாவில் கதாநாயகனாக நடித்தது என்பதை அப்போது நினைவுகூர்ந்தவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

படத்தின் பெயர் ‘தி ஃபைனல் கவுன்ட்டவுன்’. 1980 ஆகஸ்ட்டில் வெளியானது, இயக்கம் டான் டெய்லர். கதை எளிது. ஹவாய்த் தீவுகளுக்கு அருகே போய்க்கொண்டிருக்கும் நிமிட்ஸை எங்கிருந்தோ வரும் ஒரு விசித்திரப் புயல் விழுங்குகிறது. நீல ஒளிச் சுழல், காதைப் பிளக்கும் ஓசை, தளத்தில் சுருண்டு விழும் மாலுமிகள். புயல் கடந்ததும் கடல் அமைதியாகிறது, ஆனால் ரேடியோவில் நாற்பதுகளின் நிகழ்ச்சிகள் கேட்கின்றன. கப்பல் 1941 டிசம்பர் 6ஆம் தேதிக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை ஜப்பானிய விமானங்கள் பேர்ல் ஹார்பரைத் தாக்கப்போகின்றன. ஒலியை மிஞ்சும் ஜெட் விமானங்கள் கையில் இருக்கின்றன, நாளை நடக்கப்போவதும் தெரியும். கேப்டன் (கிர்க் டக்ளஸ்) என்ன செய்வார்?

இந்தப் படத்தில் காலப் பயணத்துக்கு எந்திரம் கிடையாது, திட்டமிட்ட விஞ்ஞானியும் கிடையாது. வெறும் விபத்து. புயல் ஏன் வந்தது, ஏன் திரும்ப வந்தது என்று படம் ஒரு வரிகூடச் சொல்வதில்லை. அந்தப் புயலைத் திரையில் உருவாக்கியவர் மோரிஸ் பைண்டர், ஜேம்ஸ் பாண்ட் படங்களின் தொடக்கத்தில் வரும் துப்பாக்கிக் குழல் காட்சியை அமைத்தவர். சுழலைப் பார்த்தால் உறவுமுறை தெரியும். மற்றபடி படத்தில் பெரும்பகுதி அசல். கப்பல் அசல், மாலுமிகள் பலர் அசல், வாலில் மண்டையோடு வரைந்த எஃப்-14 விமானங்கள் அசல். ஜப்பானிய ஜீரோ விமானங்கள் மட்டும் போலி. ‘டோரா! டோரா! டோரா!’ படத்துக்காக அமெரிக்கப் பயிற்சி விமானங்களை வெட்டி ஒட்டி மாற்றிய வேஷதாரிகள். அவற்றின் ஆமை வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கூடவே பறக்க எஃப்-14 திணறியதுதான் படத்தின் மிக அழகான காட்சியாக அமைந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. படம் திரைக்கு வரச் சில மாதங்களே இருந்தபோது, 1980 ஏப்ரலில், அசல் நிமிட்ஸ் அரபிக் கடலில் நின்றது. ஈரானில் பிணையாகச் சிக்கிய அமெரிக்கர்களை மீட்க அதிலிருந்து 8 ஹெலிகாப்டர்கள் கிளம்பின. பாலைவனப் புழுதிப் புயலில் மாட்டி, அந்த முயற்சி தோற்றது. அங்கேயும் புயல்தான்.

சரி, கப்பலில் இருப்பவர்கள் தாங்கள் 1941இல் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? படம் ரேடியோவை நம்புகிறது, பிறகு ஒளிப்படங்களை. உளவு விமானம் ஒன்று பேர்ல் ஹார்பருக்கு மேலே பறந்து படம் எடுத்து வருகிறது. வரிசையாக நிற்கும் பழைய போர்க்கப்பல்கள். வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கும் படத்தோடு ஒத்துப்போகிறது. திரைக்கதைக்கு இது போதும். ஆனால் இயற்பியல் தெரிந்த ஒருவர் அந்தத் தளத்தில் இருந்தால், இதைவிட உறுதியான சாட்சிகளை அங்கேயே திரட்டியிருப்பார்.

முதல் சாட்சி வானம். 1941 டிசம்பரில் வியாழன் ரிஷபத்தில், இரவு முழுக்கத் தெரியும்படி பளீரென்று இருந்தது. 1980இல் அது சிம்மத்திலும் கன்னியிலுமாக உலவியது. வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 வருடம் ஆகும். 39 வருடத்தில் மூன்று சுற்று முடித்து, நான்காவதில் கால் பங்குக்குச் சற்று மேலே வந்திருக்கும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த நம் ஊர்த் தாத்தா ஒருவரை அந்தத் தளத்தில் நிறுத்தினால், வருடத்தைச் சொல்ல அவருக்கு ரேடியோ தேவைப்படாது.

இரண்டாவது சாட்சி காற்று. 1958 முதல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் தொடங்கிவைத்த கருவிகள் காற்றில் உள்ள கரியமில வாயுவை அளந்துவருகின்றன. 1980இல் பத்து லட்சம் பங்கு காற்றில் அது சுமார் 339 பங்கு. பனிப்பாறைகளில் சிறைப்பட்ட பழைய காற்றுக் குமிழிகள் 1940களுக்குச் சுமார் 310 என்று சொல்கின்றன. புயலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு குடுவைக் காற்றைப் பிடித்து அளந்தால் வித்தியாசம் கண்ணில் அறைந்திருக்கும். அதுவும் உலகத்தின் கரியமில வாயுக் கணக்கு எழுதப்படும் தீவின் பக்கத்திலேயே.

மூன்றாவது சாட்சி இன்னும் நுட்பமானது. அது மாலுமிகளின் வாயில் இருக்கிறது.

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகைக் கார்பன் ஏறக்குறைய இரட்டிப்பானது. 1963இல் உச்சம், திறந்தவெளிச் சோதனைகளைத் தடுக்கும் உடன்படிக்கைக்குப் பிறகு மெல்ல இறக்கம். அந்தக் கார்பன் செடிக்குப் போனது, செடியிலிருந்து உணவுக்கு, உணவிலிருந்து வளரும் குழந்தைகளின் பல் எனாமலுக்கு. எனாமல் ஒருமுறை உருவானால் பிறகு மாறாது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005இல் இதை வைத்து, பல்லைப் பார்த்தே ஒருவர் பிறந்த வருடத்தை ஓரிரு வருடப் பிசகில் சொல்ல முடியும் என்று காட்டினார்கள். நிமிட்ஸில் வேலை செய்த 19 வயது மாலுமி 1961 வாக்கில் பிறந்தவன். அவனது கடைவாய்ப் பல்லில் இருக்கும் கார்பன்-14 அளவு, 1941இல் உயிரோடிருந்த எந்த மனிதன் வாயிலும் இருக்க வழியில்லை.

கப்பலின் எஃகும் அப்படித்தான். எஃகு உருக்கும்போது உலையில் காற்றை ஊதுவார்கள். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவில் முதல் அணுகுண்டு வெடித்த பிறகு, அந்தக் காற்றோடு கதிரியக்கத் துகள்களும் உலைக்குள் புகுந்தன. அளவு மிகச் சொற்பம், உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் நுட்பமான கதிர்வீச்சுக் கருவிகளுக்கு அது இரைச்சல். அதனால் அத்தகைய கருவிகளுக்குக் கவசம் செய்ய, 1945க்கு முன் உருக்கிய பழைய எஃகைத் தேடிப்போனார்கள். 1919இல் ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோவில் ஜெர்மானியர்கள் தாங்களே மூழ்கடித்த போர்க்கப்பல்களின் தகடுகளுக்கு இப்படித்தான் மவுசு வந்தது. நிமிட்ஸ் கட்டத் தொடங்கியது 1968இல். பேர்ல் ஹார்பரில் நின்ற அரிசோனா போர்க்கப்பலின் தகடு ஒன்றையும் நிமிட்ஸின் தகடு ஒன்றையும் ஆய்வகத்தில் அடுத்தடுத்து வைத்தால், எது எந்த யுகம் என்று கருவி சொல்லிவிடும்.

இந்தப் படத்தை எடுத்தவர்கள் கவனிக்காமல் விட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது கப்பலின் வயிற்றுக்குள் இருக்கிறது. மனிதர்கள் கட்டிய முதல் அணு உலை இயங்கியது 1942 டிசம்பர் 2 அன்று, சிகாகோ பல்கலைக்கழக மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில், என்ரிகோ ஃபெர்மியின் மேற்பார்வையில். அப்படியென்றால் நிமிட்ஸ் போய் இறங்கிய 1941இல், அதன் 2 உலைகள்தான் பூமியில் ஓடிக்கொண்டிருந்த ஒரே அணு உலைகள். (ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் ஓக்லோவில் யுரேனியப் படிவுகள் தாமாகவே உலையாக எரிந்தது உண்மைதான், ஆனால் அது சுமார் 200 கோடி வருடம் முன்பு.) தேதியையும் பாருங்கள். 1941 டிசம்பர் 6, சனிக்கிழமை. வாஷிங்டனில் அன்றுதான் யுரேனிய ஆய்வுக் குழு கூடியது. அணுகுண்டு சாத்தியமா என்ற ஆராய்ச்சியை முடுக்கிவிடவும், பொறுப்பை ஆர்தர் காம்ப்டன் போன்றவர்களிடம் பிரித்துக் கொடுக்கவும் அந்தக் கூட்டத்தில் ஏற்பாடாயிற்று. அவர்கள் தேடிக்கொண்டிருந்த விடை, படத்தின்படி, அதே நாளில் ஹவாய்க்குப் பக்கத்தில் வெந்நீர் காய்ச்சிக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தது! ஜெட் விமானமா ஜீரோவா என்ற சண்டையைவிட இது எவ்வளவு பெரிய கதை.

இனிப் புயலுக்கு வருவோம். இப்படி ஒரு விபத்து நடக்க இயற்பியல் இடம் தருகிறதா?

பின்னோக்கிப் போவதற்கு ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் கதவை முழுக்கச் சாத்தவில்லை என்பதுதான் ஆச்சரியம். 1949இல் தர்க்கவியல் மேதை குர்ட் கோடல், ஐன்ஸ்டைனின் 70ஆவது பிறந்தநாளையொட்டி அவருக்கு ஒரு வில்லங்கமான பரிசு கொடுத்தார். பிரபஞ்சம் முழுவதும் ஒரு குறிப்பிட்ட விதத்தில் சுழன்றால், அதில் முன்னோக்கியே பயணம் செய்யும் ஒருவர் தன் இறந்தகாலத்துக்கே வந்து சேர முடியும் என்று ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைக் கொண்டே நிரூபித்தார். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. 1988இல் இயற்பியலாளர் கிப் தோர்னும் அவருடைய மாணவர்கள் இருவரும் வேறு வழி காட்டினார்கள். வெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் புழுத்துளை ஒன்று இருந்து, அதன் ஒரு வாயை மட்டும் ஒளிக்கு நெருக்கமான வேகத்தில் ஓட்டித் திரும்பக் கொண்டுவந்தால், அது காலத்துக்கான வாசலாகிவிடும். கார்ல் சேகன் தன் நாவலுக்காகக் கேட்ட ஒரு சந்தேகத்திலிருந்து பிறந்த ஆராய்ச்சி இது. சிக்கல் என்னவென்றால், புழுத்துளை மூடிக்கொள்ளாமல் தாங்கி நிற்க எதிர்மறை ஆற்றல் கொண்ட பொருள் வேண்டும். கப்பல் நுழையும் அளவுக்கு அதை எங்கே போய் வாங்குவது? போதாததற்கு, அப்படி ஒரு வாசல் திறக்கும் கணத்திலேயே வெற்றிடத்தின் ஆற்றல் அதில் பெருகி வாசலை அழித்துவிடும் என்று 1992இல் ஸ்டீஃபன் ஹாக்கிங் ஊகித்தார். இன்றுவரை அது ஊகம்தான். நிரூபிக்கவும் இல்லை, முறிக்கவும் இல்லை.

ஒருவேளை வாசல் திறந்தால் வரலாறு என்ன ஆகும் என்ற கேள்விக்கு ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் ஒரு பதில் வைத்திருந்தார். தனக்குத்தானே முரண்படும் நிகழ்ச்சிகள் நடக்கவே நடக்காது என்றார். இன்னொரு இயற்பியலாளர் ஜோசஃப் போல்சின்ஸ்கி அதைச் சீண்டிப் பார்த்தார். ஒரு பில்லியர்ட் பந்து புழுத்துளைக்குள் போய், சற்று முந்திய நேரத்தில் வெளியே வந்து, துளையை நோக்கி வரும் தன்னையே இடித்துத் தள்ளிவிட்டால்? உள்ளே போகாத பந்து வெளியே வந்து இடித்தது எப்படி? தோர்னின் குழு 1991இல் கணக்குப் போட்டுப் பார்த்தது. பந்து தன்னை லேசாக உரசி, அந்த உரசலாலேயே சற்றுக் கோணலாகத் துளைக்குள் போய், கோணலாகவே வெளியே வந்து, அதே லேசான உரசலைக் கொடுக்கும்படி முரணில்லாத பாதைகள் கிடைத்தன. ஒன்றல்ல, எண்ணற்றவை.

இந்தப் பில்லியர்ட் பந்தை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தைத் திரும்பப் பாருங்கள், அசந்துபோவீர்கள். ஜீரோக்கள் மூழ்கடித்த படகிலிருந்து ஒரு செனட்டரை நிமிட்ஸ் காப்பாற்றுகிறது. வரலாற்றில் அவர் 1941இல் காணாமல் போனவர். காப்பாற்றப்பட்ட பிறகும் ஒரு ஹெலிகாப்டர் விபத்தில் சாகிறார், ஆக வரலாற்றின்படி காணாமல்தான் போகிறார். அவர் ரேடியோவில் பேர்ல் ஹார்பரை எச்சரிக்கிறார், யாரோ விளையாடுகிறான் என்று அங்கே தள்ளிவிடுகிறார்கள். விமானப் பிரிவின் தலைவர் ஓவன்ஸும் செனட்டரின் உதவியாளரான பெண்ணும் ஒரு தீவில் விடுபட்டு 1941லேயே தங்கிவிடுகிறார்கள். 39 வருடம் வாழ்ந்து, தொழிலதிபர் டைட்மேன் தம்பதியாகி, 1980இல் தங்கள் நிறுவனத்து ஊழியன் ஒருவனை (மார்ட்டின் ஷீன்) அதே கப்பலில் ஏற்றி அனுப்புவதும் அவர்கள்தான். ஜப்பானியரைத் தடுக்க நிமிட்ஸின் விமானங்கள் கிளம்பிய நேரத்தில் புயல் திரும்பி வருகிறது, எல்லோரும் திரும்ப அழைக்கப்படுகிறார்கள், பேர்ல் ஹார்பர் எரிகிறது. படம் வந்தபோது பலருக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. இவ்வளவு பெரிய கப்பலைக் கொண்டுவந்துவிட்டு ஒன்றுமே செய்யாமல் போவதா என்ற எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் பந்து தன்னை உரசியது, பாதை கோணலானது, முரண் வரவில்லை. தோர்ன் குழுவின் கணக்குக்கு 11 வருடம் முன்பே ஒரு மசாலாப் படம் அந்த விடையை எழுதிவிட்டது.

வரலாறு மாறுவதைத் தடுக்க மாய சக்தி எதுவும் தேவையில்லை என்பதற்குச் சான்று உண்மையான டிசம்பர் 7இலேயே இருக்கிறது. ஓவாஹு தீவின் வடமுனையில் ஒபானா என்ற இடத்தில் ஒரு நடமாடும் ராடார் இருந்தது. அன்று காலை 7 மணி 2 நிமிடத்துக்கு அதன் திரையில் பெரிய விமானக் கூட்டம் தெரிந்தது. இரண்டு சிப்பாய்கள் தகவல் கொடுத்தார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து வரவேண்டிய நம் பி-17 விமானங்களாக இருக்கும் என்று அதிகாரி விட்டுவிட்டார். அந்தக் கூட்டம் திரையில் தெரிந்தபோது முதல் குண்டுகள் விழ இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

பின்னோக்கிய பயணம் இப்படிக் கணிதத்துக்கும் கற்பனைக்கும் நடுவே தொங்குகிறது. முன்னோக்கிய பயணம் அப்படியல்ல. அது தினமும் நடக்கிறது, யாரும் திட்டமிடாமலே நடக்கிறது. அதை நேரடியாக அளந்து காட்டிய ஆரம்பகாலக் கட்டுரைகளில் ஒன்று வெளியான வருடம் எது என்று நினைக்கிறீர்கள்? 1941.

அதை எழுதியவர்களில் ஒருவர், முசோலினியின் இனச் சட்டங்களால் வேலை பறிபோய் அமெரிக்கா வந்த இயற்பியலாளர் புரூனோ ரோசி. அவரும் டேவிட் ஹாலும் கொலராடோவில் டென்வர் நகரத்திலும், அதைவிட ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் எக்கோ ஏரிக்கரையிலும் கருவிகளை வைத்து மியூவான்களை எண்ணினார்கள். விண்வெளியிலிருந்து பாயும் காஸ்மிக் கதிர்கள் மேல்வளி மண்டலத்தில் மோதும்போது உண்டாகும் துகள்கள் இவை. சும்மா நிற்கும் மியூவானின் சராசரி ஆயுள் நொடியில் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் மியூவான்களில் நூறு கோடிக்கு ஒன்றுகூடத் தரையைத் தொடக்கூடாது. ஆனால் இப்போது உங்கள் உள்ளங்கையை மல்லாத்தி வைத்தால், நொடிக்கு ஒன்றோ இரண்டோ அதைத் துளைத்துப் போய்க்கொண்டிருக்கின்றன. காரணம், வேகமாகப் போகும் மியூவானின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. அதற்கு 2 மைக்ரோ நொடி கழிவதற்குள் நமக்குப் பல மடங்கு நேரம் கழிந்துவிடுகிறது. வேகம் கூடிய மியூவான்கள் வேகம் குறைந்தவற்றைவிட நீண்ட நாள் ‘வாழ்கின்றன’ என்பதை ரோசியும் ஹாலும் எண்களோடு காட்டினார்கள். கட்டுரை 1941 பிப்ரவரியில் அச்சாகியிருந்தது. கற்பனைக் கப்பல் அந்த வருடத்தில் வந்து இறங்கியபோது, உண்மையான காலப் பயணத்தின் சான்று நூலகங்களில் ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்தது.

மியூவானுக்குப் பொருந்துவது கப்பலுக்கும் பொருந்தும். நிமிட்ஸ் பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கு நோக்கி ஒருமுறை உலகைச் சுற்றிவந்தால், துறைமுகத்திலேயே இருந்த கடிகாரத்தைவிடக் கப்பலின் கடிகாரம் 200 நானோ நொடிக்குச் சற்று மேலே பின்தங்கியிருக்கும். மேற்கு நோக்கிச் சுற்றினால் கிட்டத்தட்ட அதே அளவு முந்தும். பூமியின் சுழற்சியோடு சேர்ந்து போகிறோமா, எதிர்த்துப் போகிறோமா என்பதைப் பொறுத்தது இது. 1971 அக்டோபரில் ஜோசஃப் ஹாஃபலேயும் ரிச்சர்ட் கீட்டிங்கும் சாதாரணப் பயணிகள் விமானங்களில் அணுக் கடிகாரங்களை ஏற்றி இதைச் சோதித்தார்கள். கிழக்கே போன கடிகாரங்கள் 59 நானோ நொடி இழந்தன. மேற்கே போனவை 273 நானோ நொடி முந்தின. இரண்டு எண்ணும் சமமாக இல்லாததற்குக் காரணம் உயரம். மேலே ஈர்ப்பு குறைவதால் எந்தத் திசையில் பறந்தாலும் கடிகாரம் கொஞ்சம் வேகமெடுக்கும். கடல் மட்டத்தில் மிதக்கும் கப்பலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

புயலும் காலப் பயணிகளும் உண்மையிலேயே சந்தித்த இடம் ஒன்றுண்டு. அது ஹவாயில் இல்லை, ஊட்டியில். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில், கான்கிரீட் கூரைக்கு அடியில், 6 மீட்டர் நீள எஃகுக் குழாய்கள் 3,712 அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைக் கடக்கும் மியூவான்களை எண்ணும். 2014 டிசம்பர் 1 அன்று ஒரு இடிமேகம் அந்தப் பக்கம் கடந்தபோது, 18 நிமிடத்துக்கு மியூவான் எண்ணிக்கை 2 சதவீதம் போலக் குறைந்தது. மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தம் நேர்மின் மியூவான்களை இழுத்துப் பிடித்தது, எதிர்மின் மியூவான்களைத் தள்ளிவிட்டது. வானத்திலிருந்து வருவதில் நேர்மின் வகை சற்று அதிகம் என்பதால் மொத்தத்தில் குறைவு தெரிந்தது. கணக்கைத் திருப்பிப் போட்டபோது மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று வந்தது. அதற்கு முன் பலூன் பறக்கவிட்டு அளந்ததில் கிடைத்த உச்சம் 13 கோடிதான். இடிமேகம் நூறு கோடி வோல்ட்டை எட்டக்கூடும் என்று 1920களில் இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் சொன்னதை அதுவரை யாரும் அளந்து காட்டியதில்லை. பலூனும் விமானமும் மேகத்தின் ஒரு கீற்றை மட்டுமே தொட முடியும். மியூவான்கள் மேகம் முழுவதையும் மேலிருந்து கீழாக ஊடுருவிக்கொண்டு வருகின்றன, அதுவும் அவற்றின் கடிகாரம் மெதுவாக ஓடுவதால் மட்டுமே தரைவரை வந்து சேர்கின்றன. 2011 முதல் 2014 முடிய ஊட்டிக் குழாய்களில் பதிவான இடிமேகங்கள் 184. இந்த 130 கோடி வோல்ட் மேகம் அவற்றுள் ஒன்று.